அளவுப் பலகையில் ஐந்து குஞ்சு மீன்

முழக்கத்துக்கு நடந்த முதல் அநியாயம்: குஞ்சு மீன் தப்பிப் போகிற பெரிய கண் வலை வேண்டும் என்று இருபது வருடம் துண்டறிக்கை அடித்துக் கொடுத்தார். ஊரார் அதில் வேர்க்கடலை மடித்தார்கள். இரண்டாவது: துறைமுகத்தில் கடல் உணவு விழா தொடங்கியபோது அவருக்குக் கொடுத்த பொறுப்பு, சைக்கிள் நிறுத்துமிடம். மூன்றாவது, மன்னிக்கவே முடியாதது: போன வருடம் முன்மாதிரி மீனவர் என்று மாலை வாங்கியவர் அவருடைய மனைவியின் அண்ணன். ஒரு துண்டறிக்கைகூட எழுதாதவர். வலையை மட்டும் மாற்றியிருந்தார்.

ஆகவே இந்த வருடம் முழக்கம் விழாக் குழுவில் புகுந்தார். முழக்கம் என்பது துறைமுகம் அவருக்கு வைத்த பெயர். வீட்டில் அந்தப் பெயருக்கு வேலையில்லை. புகுந்தவர் ஒரு விதியை நிறைவேற்றினார். அடுப்பு பற்றவைக்கும் முன் ஒவ்வொரு கடையின் மீனும் பலகையில் அளக்கப்படும். ஒரு சாணுக்குக் குறைந்து ஒன்று இருந்தாலும் கடை மூடப்படும், கடைக்காரர் பெயர் ஒலிபெருக்கியில் படிக்கப்படும். படிப்பவர் அவரே.

விழாவன்று காலை மனைவி குளிர்பெட்டியைத் திறந்தாள்.

“ஏங்க, உங்க சாப்பாட்டு டப்பால எதுக்கு அஞ்சு குஞ்சு மீன்?”

“மாதிரிக்கு. ஜனங்களுக்குக் காட்டி விளக்கணும்.”

“ஒண்ணு போதாதா?”

“பின்வரிசைக்கும் தெரிய வேண்டாமா?”

“எங்க அண்ணன் கடை எத்தனாவதுன்னு நேத்து மூணு தடவை கேட்டீங்களே?”

“வாழ்த்து சொல்லத்தான்.”

“நம்ம கல்யாணத்துலகூட அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலியே நீங்க.”

“உனக்கு அரசியல் புரியாது.”

“புரியலதான்,” என்றாள். அவர் சட்டை மாட்டி வருவதற்குள் டப்பாவை மூடிப் பையில் வைத்துக் கையில் கொடுத்தாள். அவர் எந்தப் போராட்டத்திலும் இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

துறைமுகத்தில், மச்சான் கடையை விட்டுத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, அவருடைய கூடைக்குப் பின்னால் குனிந்து டப்பாவைத் திறந்தார். உள்ளே இரண்டு அவித்த முட்டை, ஒரு உப்புப் பொட்டலம்.

நிமிர்வதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கடைசி மேசையில் குறைந்த அளவு மீன் அகப்பட்டதாம். பலகையில் ஐந்து கிடந்தன, பரிச்சயமான ஐந்து. அளக்கும் பொறுப்பிலிருந்த ஐஸ்காரர் மேசையிலிருந்த கடைக்காரர் பெயர்ச் சீட்டை நீட்டினார். கையெழுத்து மனைவியுடையது. அவள் தன் அண்ணனோடு முன்வரிசையில் நின்றாள்.

முழக்கம் குனிந்து கிசுகிசுத்தார். “எனக்கு ஏதுடி கடை?”

“விதி போட்டவரே கடை போடலைன்னா நல்லாவா இருக்கும்? நான்தான் பதிஞ்சேன்.”

“அது மாதிரிக்கு வச்சிருந்த மீன்.”

“விதியில மாதிரிக்கு விலக்குன்னு எதுவும் இல்லீங்க. நீங்க எழுதினதுதானே? படிங்க, ஜனம் காத்திருக்கு.”

மைக்கைப் பிடித்தார், சீட்டைப் படித்தார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள். மறுபடியும் படித்தார்:

“முழக்கம்.”