ஏழாம் எண் மரத்தில் ஆந்தை இல்லை என்பது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் நிஷினா அம்மையார் அவர்களுக்கு,
கமினுமா நகரச் செய்தி இதழ்.

ஏரியின் மேல் உறைந்த பனிக்கட்டி மதிய நேரங்களில் முனகத் தொடங்கிவிட்டது. கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தத்துக்கு எங்கள் வீட்டுப் பூனை நாளுக்கு இரண்டு முறை கணப்பு மேசைக்கு அடியில் போய் ஒளிகிறது. குளிர் போகவும் மனமில்லாமல் இருக்கவும் மனமில்லாமல் நிற்கும் இந்நாட்களில் தாங்களும் அலுவலகத்தில் உள்ளோரும் சளி, இருமல் இன்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முன்பின் அறியாத ஒரு கிழவன் நீண்ட கடிதம் எழுதுவது தங்களுக்குத் தொந்தரவு என்பதை அறிவேன். சுருக்கமாக எழுத மூன்று முறை முயன்றேன். மூன்றும் இதைவிட நீளமாக வந்தன.

விஷயம் இதுதான். தங்கள் மார்ச் முதல் தேதி இதழின் நான்காம் பக்கத்தில், குப்பை வண்டி வரும் நாட்களுக்குக் கீழே, "கோயில் காட்டின் ஏழாம் எண் ஓக் மரத்தில் ஆந்தை குடியேறியுள்ளது, பார்க்க வருவோர் அமைதி காக்கவும்" என்று ஒரு செய்தி வந்திருந்தது. அந்த மரத்தில் ஆந்தை இல்லை. இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஏனென்றால் அந்த ஆந்தைக்குக் காரணமே நான்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் இகராஷி தெய்ஜி, வயது எழுபத்து நான்கு. வானிலை நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பனியின் ஆழத்தை அளந்து அறிக்கை அனுப்பினேன். கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும், காலையில் கருவி எடுத்ததும் வரும் முதல் அளவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது கருவி குளிருக்குப் பழகுவதற்கானது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு இதே முறையில் சிறு பறவைகளைப் படம் எடுத்து வருகிறேன். படங்கள் சுமார்தான். எதையும் பரிசுக்கு அனுப்பியதில்லை.

பிப்ரவரி 17ஆம் தேதி காலை, பனியில் நடக்கும் அகலச் செருப்பைக் கட்டிக்கொண்டு கோயில் காட்டுக்குள் போனேன். மைனஸ் பதினான்கு டிகிரி. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நின்று கொஞ்சம் தேநீர் குடிக்கலாம் என்று நினைத்தேன். பிளாஸ்க்கைத் திறக்க இரண்டு கை வேண்டும், கேமராவைப் பனியில் வைக்க முடியாது, எனவே ட்ரைபாடை விரித்து அதன் மேல் பொருத்தினேன். லென்ஸ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நான் கவனிக்கவில்லை. குளிரில் பேட்டரி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருமுறை பொத்தானை அழுத்தினேன். பிறகு தேநீர் குடித்தேன். சூடாக இருந்தது. இருபது நிமிடம் கழித்துப் பின்னால் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. மின்வாரியத்தில் நாற்பது ஆண்டுகள் கம்பம் ஏறி ஓய்வு பெற்ற டோகாஷி, ஏறி நின்று படம் எடுப்பதற்காகத் தோளில் ஓர் அலுமினிய ஏணியுடன் வந்தார். எனக்குத் தலைவணங்கினார். என் லென்ஸ் பார்த்த திசையைப் பார்த்தார். அங்கே, வனப்பிரிவு ஏழு என்று எண்ணிட்டிருந்த ஓர் ஓக் மரம், அதில் ஒரு பொந்து. ஏணியைத் தடாலென்று இறக்கிவைத்து, எனக்கு இரண்டடி இடப்பக்கம் தன் ட்ரைபாடை நட்டு, தன் லென்ஸையும் அதே பொந்துக்குத் திருப்பினார்.

எங்கள் பக்கத்துப் புகைப்படக்காரர்களின் வழக்கம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்னொருவர் எதைப் பார்க்கிறார் என்று கேட்கக் கூடாது. ஐந்தாண்டுகளுக்கு முன் யாரோ சத்தமாகக் கேட்டு, யாரோ பதில் சொல்லி, அடுத்த ஞாயிறு எண்பது கார்கள் வந்து நின்றன. அதிலிருந்து யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. டோகாஷியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேநீர் என்று சொல்லியிருப்பேன். ஒரு மணி நேரம் கழித்து அவர் மெல்ல, "நல்ல இடம்ணே," என்றார். "இன்று வெளிச்சம் போதவில்லை," என்றேன். அது உண்மை. உடனே கிளம்பினால் அவர் வந்தது எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைப்பாரே என்று மூன்று மணிவரை நின்றேன். மறுநாள் போகாவிட்டால் அவர் தனியாக நிற்பாரே என்று போனேன். அவர் தனியாக நிற்கவில்லை. கூட இருவர் நின்றார்கள்.

ஐந்தாம் நாள் பதினொரு ட்ரைபாடுகள். ஒன்பதாம் நாள் இருபத்து மூன்று. அவரவர் இடத்தைப் பிடிக்க முந்தின நாளே ஏணியை நட்டுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். நடுவில் என் இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. சுற்றி நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். புதிதாக வருபவர்களிடம் என்னைக் காட்டி, "முதல்ல பார்த்தவர் அவர்தான்," என்று கிசுகிசுத்தார்கள். அவர்கள் எனக்குத் தலைவணங்கினார்கள். நானும் வணங்கினேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

இத்தனை பேர் நிற்கிறார்களே, ஒருவராவது ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் ஒருவர், "காலைல லேசா ஒரு அசைவு இருந்துச்சு," என்றார். இன்னொருவர், "ஆமா, ஏழே முக்காலுக்கு," என்றார். ஏழே முக்காலுக்கு நானும் அங்கேதான் இருந்தேன். ஒரு இலைகூட அசையவில்லை. பிப்ரவரியில் இலையே கிடையாது. ஆனால் இத்தனை பேர் பார்த்ததை நான் மட்டும் பார்க்கவில்லை என்றால் குறை என் கண்ணில் இருக்கலாம் என்று தோன்றியது. அன்று முதல் தினமும் மாலை, எடுத்த படங்களை எல்லாம் கணினியில் பெரிதாக்கிப் பொந்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். என் மனைவி சுமி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னங்க தெரியுது?" என்பாள். "ஒன்றும் இல்லை," என்பேன். "இல்லாததைப் பார்க்கவா ரெண்டு சோற்றுருண்டை கட்டிக்கிட்டுப் போறீங்க? நாளைலேர்ந்து ஒண்ணுதான்," என்றாள். சொன்னபடியே செய்தாள்.

இதுவரை நடந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை என்று நான் என்னைச் சமாதானம் செய்துகொண்டிருக்கலாம். ஆனால் அந்த மரத்துக்குப் பின்னால் செகாவா யோஷியே அம்மாவின் பசுமைக்குடில் இருக்கிறது. கணவர் போன பிறகு அவர் ஒற்றை ஆளாக முலாம்பழ நாற்று வளர்க்கிறார். உள்ளே கணப்பு எரிய, இப்போது இரண்டாயிரம் நாற்றுகள் இரண்டிலை விட்டு நிற்கின்றன. ஏழாம் எண் மரத்தின் பெரிய கிளை ஒன்று அந்தக் குடிலின் கூரைக்கு மேலே சாய்ந்திருக்கிறது. போன ஆண்டு மார்ச் ஈரப்பனியில் பக்கத்து மரத்தின் கிளை முறிந்து பாதிக் குடிலை நசுக்கியது. மூன்று ஆண்டுகள் அவர் மனுக் கொடுத்த பிறகு வனப்பிரிவு மனமிரங்கி, பிப்ரவரி 25 அன்று மரத்தையே வெட்டிவிடுகிறோம் என்று இளஞ்சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போயிருந்தது. கிளையை மட்டும் வெட்ட மேலே ஏற ஆள் இல்லையாம்.

25ஆம் தேதி இயந்திரத்துடன் வந்த வன அலுவலர் இருபத்து மூன்று ட்ரைபாடுகளைப் பார்த்தார். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன்.

"ஐயா, ஒண்ணா, ஜோடியா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "ஜோடி என்று உறுதியாகச் சொல்ல முடியாது," என்றேன்.

அவர் "குறைந்தது ஒன்று" என்று எழுதிக்கொண்டார். நாடாவை அவிழ்த்தார். குஞ்சுகள் பறந்து போகும்வரை, அதாவது ஜூன்வரை, வெட்டுவதில்லை என்று அறிவித்தார். வரிசையில் இருந்தவர்கள் கையுறையோடு கைதட்டினார்கள். சத்தம் வரவில்லை.

மறுநாள் செகாவா அம்மா ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பன்றிக்கறி போட்ட மிசோ சூப்புடன் வந்தார். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்து நின்றார்.

"நீங்கதான் முதல்ல பார்த்தவராமே. எப்படி இருந்துச்சு?"

"எது?"

"எதுவா? ஆந்தைதான். வேற கழுகு கிழுகு ஏதும் வச்சிருக்கீங்களா?"

"நான்... மரத்தைப் பார்த்தேன்."

"மரத்தை நானும் முப்பது வருஷமாப் பார்க்கிறேன். எனக்கு ஒருத்தரும் கயிறு கட்டி இடம் விடலையே."

டோகாஷி குறுக்கிட்டு, "மெதுவாப் பேசுங்கம்மா, அது தூங்கும்," என்றார்.

"அது நல்லாத் தூங்கட்டும். கிளை எப்ப விழுமோன்னு நான் தூங்கித்தான் ஒரு மாசம் ஆச்சு," என்று சொல்லிவிட்டு, என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினார். அந்த இரண்டாவது கரண்டி எனக்கு உரியதில்லை என்று தெரிந்தே முழுவதும் குடித்தேன்.

அன்றிலிருந்து உண்மையைச் சொல்ல முயன்றுகொண்டிருக்கிறேன். சொல்ல வேண்டியதை ஓர் அட்டையில் எழுதி, கையுறைக்குள் வைத்துக்கொண்டு போனேன். மார்ச் 2 அன்று டோகாஷியிடம், "உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்," என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி, "வேண்டாம்ணே. நம்ம வரிசைல கேக்கிறதும் இல்ல, சொல்றதும் இல்ல. உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்," என்றார். கண் கலங்கியிருந்தது. அட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

என்னால் முடிந்த ஒரே வேலையைச் செய்தேன். தினமும் காலை எட்டு மணிக்கு அந்தக் கிளையையும் குடிலின் கூரையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, இடைவெளியை அளந்து வந்தேன். பிப்ரவரி 26 அன்று இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். மார்ச் 6 அன்று முப்பத்தொரு சென்டிமீட்டர் ஈரப்பனி விழுந்தது. நேற்று இடைவெளி ஒரு மீட்டர் அறுபத்திரண்டு. இன்னும் இப்படி ஒரு பனி விழுந்தால் கிளை தாங்காது. கிளை முறிந்தால் அந்த அம்மாவுக்கு இந்த ஆண்டு பயிர் இல்லை. அதற்குக் காரணம், நான் ஒரு காலைப்பொழுதில் தேநீர் குடித்ததும், அதை ஒத்துக்கொள்ள இருபது நாள் தைரியம் வராததும்தான்.

ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது: ஏழாம் எண் மரத்தில் ஆந்தை இல்லை, எப்போதும் இருந்ததில்லை, முதலில் பார்த்ததாகச் சொல்லப்படுபவன் பார்க்கவில்லை என்று 15ஆம் தேதி இதழில் என் பெயருடன் வெளியிடுங்கள். முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததைத் தங்கள் நான்காம் பக்கத்தில் சொல்லிவிட்டால், கூட்டம் கலைந்துவிடும், வனப்பிரிவும் தன் வேலையைச் செய்யும். சான்றாக, அந்தப் பொந்தை நான் எடுத்த படங்கள் அனைத்தையும் ஒரு மெமரி கார்டில் வைத்து இணைத்துள்ளேன். ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

தங்கள் அலுவலக வாசலில் பனி அள்ளும்போது இடுப்பைப் பார்த்துக்கொள்ளவும். வசந்தம் தங்கள் வீட்டுக்குத் தாமதமின்றி வரட்டும். இல்லத்தார் அனைவருக்கும் என் மனைவியின் வணக்கத்தையும் தெரிவிக்கவும்.

மார்ச் 9.
தங்கள் பணிவுள்ள வாசகன்,
இகராஷி தெய்ஜி

பின்குறிப்பு (மார்ச் 10): இந்தப் பகுதி தங்கள் பார்வைக்கு மட்டும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும்.

கடிதத்தை உறையில் இடும் முன், கார்டில் உள்ள படங்களை வரிசை எண்படி சரிபார்த்தேன். மொத்தம் 4,316. மாலைதோறும் நான் பெரிதாக்கிப் பார்த்தது இரண்டாம் எண்ணிலிருந்துதான். முதல் எண், பேட்டரியைப் பார்க்க அழுத்தியது. முதல் அளவைச் சேர்க்காத பழைய பழக்கத்தால் அதை நான் திறக்கவே இல்லை. நேற்று திறந்தேன். பிப்ரவரி 17, காலை 10.42. பொந்து நிறைய, புட்டிக்கு மூடி போட்டது போல, ஓர் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது. மரப்பட்டை நிறம், கண் மூடியிருக்கிறது. இரண்டாம் படம் 11.05, டோகாஷி ஏணியைத் தடாலென்று இறக்கிய பிறகு எடுத்தது. பொந்து காலி. நான் தேநீர் குடித்த அந்த இருபது நிமிடமும் அது என் எதிரில்தான் இருந்திருக்கிறது.

இன்று காலை படத்துடன் நேராகச் செகாவா அம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அட்டை தேவைப்படவில்லை. அவர் குடிலுக்குள் நின்றபடியே படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"உக்காந்திருக்கிற நிலையைப் பாருங்க. கண்ணை மூடிக்கிட்டு, யாருக்கும் பதில் சொல்லாம. உங்களை மாதிரியே இருக்கு," என்றார். பிறகு, "திரும்பி வருமா?" என்று கேட்டார்.

"ஆட்கள் போய்விட்டால் வரலாம்."

"எனக்கு மரத்து மேல என்ன கோபம்? கிளை போனாப் போதும். மரம் நிக்கட்டும்."

பத்து மணிக்குத் தன் மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதி முத்திரை குத்தி வனப்பிரிவில் கொடுத்துவிட்டார். மனு இல்லாமல் வனப்பிரிவு ஒரு குச்சியையும் வெட்டாது என்பது தங்களுக்குத் தெரியும். கிளையை மட்டும் எடுக்க டோகாஷியிடம் கேட்டேன். நாளை காலை கயிற்றோடு ஏறுகிறார், கைரம்பம்தான், சத்தம் இருக்காது. மரத்தை விட்டுவிட்டுக் கிளையை மட்டும் ஏன் வெட்ட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. "ஏணியை இந்தத் தடவை மெதுவா வைக்கிறேண்ணே," என்று மட்டும் சொன்னார். அவருக்கு என்ன தெரியும் என்று நானும் கேட்கவில்லை.

ஆகவே, மேலே உள்ள கடிதத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் 15ஆம் தேதி இதழில் வெளியிடவும். முப்பத்தாறு ஆண்டுகளில் தவறென்று தெரிந்தே நான் அனுப்பும் முதல் அறிக்கை அது. இணைத்துள்ள கார்டில் 4,315 படங்கள் உள்ளன. வரிசை இரண்டிலிருந்து தொடங்குவதை இயந்திரக் கோளாறாகக் கொள்ளவும்.