மூன்றாம் தாள் எடுத்த கிருஷ்ணசாமி சார்

“அப்படி ஒரு ஆளே இங்க வேலை பாக்கலைங்க,” என்று பதிவேட்டை மூடினார் கல்லூரி எழுத்தர் செல்வகுமார்.

இனியவன் மேசைமேல் குனிந்தான். “நல்லா பாருங்க சார். கிருஷ்ணசாமி. பிசிக்ஸ். ரெண்டாயிரத்துல எங்களுக்கு மூணாம் தாள் எடுத்தாரு. கரண்டு பாடம்.”

“மூணு தடவ பாத்துட்டேன். பிசிக்ஸ்ல கிருஷ்ணமூர்த்திகூட கிடையாது.”

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் பழைய மாணவர் சந்திப்பு. கிருஷ்ணசாமி சாரைத் தேடிப் பிடித்து மேடையேற்றுவது என் பொறுப்பு என்று வாட்ஸ்அப் குழுவில் மார்தட்டியிருந்தவன் இனியவன். முகவரி கல்லூரியில் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைதான்.

இனியவன் இன்று விழுப்புரத்தில் இயற்பியல் ஆசிரியர். அதற்குக் காரணம் அந்த ஒரே மனிதர். அப்படி ஒரு வாத்தியாரை அவன் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வருகைப் பதிவே எடுக்க மாட்டார். “வந்தவன் எனக்குத் தெரியும், வராதவன் அவனுக்குத் தெரியும்” என்பார். கையில் புத்தகம் இருக்காது. “இனியவா, நீ படி. அது இன்னா சொல்லுதுன்னு நான் சொல்றேன்” என்பார். முதல்வர் வராந்தாவில் வந்தால் சட்டென்று முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். முதல்வர் போன பிறகுதான் முகம் திரும்பும். அதிகாரத்துக்கு வளையாத மனிதர் என்று பையன்கள் கும்பிட்டார்கள்.

ஒருநாள் நாற்பத்திரண்டு பேரையும் கை கோத்து நிற்க வைத்தார். “இப்ப நீங்கதான் ஒயரு. நான் இவன் கைய அமுக்குவேன், அவன் அடுத்தவன் கைய அமுக்கணும்.” அமுக்கல் வளைந்து வளைந்து கடைசி ஆளான பானுப்ரியாவிடம் போய்ச் சேர்ந்தது. “யாராச்சும் எடம் மாறினீங்களா? இல்ல. ஆனா சேதி போயிடுச்சி. கரண்டுன்னா இதான்.” இனியவனுக்கு அன்று மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கும் தன் வகுப்பில் அதையேதான் செய்கிறான்.

அப்பேர்ப்பட்டவர் பதிவேட்டில் இல்லை!

பானுப்ரியாவுக்குப் போன் போட்டான். விழா ஏற்பாடு முழுக்க அவள்தான்.

“இல்லாமலா போயிடுவாரு? ஷீல்டு அடிச்சி வந்தாச்சி. முனைவர் கிருஷ்ணசாமின்னு போட்டிருக்கு.”

“முனைவரா? யாரு சொன்னது?”

“அவரு அறிவுக்கு முனைவர் இல்லாம வேற இன்னா? பழைய ஹெச்.ஓ.டி. அரங்கநாதன் சார் திண்டிவனத்துலதான இருக்காரு, அவரக் கேளேன்.”

கேட்டான். அதுதான் பெரிய தப்பாகிப் போனது.

“என் டிபார்ட்மென்ட்ல எனக்குத் தெரியாம ஒரு புரொபசரா?” என்று சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார் எண்பது வயது அரங்கநாதன். “மூணாம் தாள் என்னுதுப்பா.”

“நீங்க அந்த வருஷம் இடுப்பு ஆபரேஷன்னு லீவுல இருந்தீங்களே சார்.”

“இருந்தா இன்னா? நாப்பத்திரண்டு பேரும் பாஸ். படுத்துக்கினே பாஸ் பண்ண வெச்சவருன்னு எனக்குப் பாராட்டு விழாவே நடந்துது. ஞாயித்துக்கிழம நானும் வர்றேன். அந்த முனைவர் மூஞ்சியப் பாக்கணும்.”

வெளியே வந்ததும் குழுவில் கூடப் படித்த அலெக்ஸ் ஒரு செய்தி போட்டிருந்தான். போன மாதம் கூட்டேரிப்பட்டில் சார் பஸ்ஸை விட்டு இறங்கியதைப் பார்த்தானாம். இனியவன் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினான். நாலு கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தான்.

கதவைத் திறந்தவர் அவரேதான். தலை மட்டும் வெளுத்திருந்தது. இனியவன் வாசலிலேயே காலில் விழுந்தான்.

“எழுந்திரு, எழுந்திரு... நீ புஸ்தகம் படிக்கற இனியவன் இல்ல?”

இருபத்தைந்து வருடம் கழித்துப் பெயர் சொல்கிறார்! இனியவன் துள்ளி எழுந்தான். விழா, மேடை, ஷீல்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். சார் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

“அரங்கநாதன் சாரும் வர்றாரு சார்.”

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கிவிட்டது. “அப்ப நான் வேணாம்பா. பேஜாராயிடும்.”

என்ன அடக்கம், மூத்தவருக்கு வழிவிடுகிறாரே என்று இனியவன் உருகினான். உருக உருகக் கெஞ்சினான். அவன் கெஞ்சக் கெஞ்ச அவர் சமையலறைப் பக்கமாகப் பின்வாங்கினார். கடைசியில் அவருடைய மனைவி முனியம்மாள் குறுக்கே வந்தாள்.

“போய்ட்டுதான் வாங்களேன். இத்தினி வருஷமா அந்தப் பசங்க பேரையே சொல்லிக்கினு இருக்கறீங்க. நானும் வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முனைவர் என்ற சொல்லை மறைக்க இனியவன் ஷீல்டின்மேல் ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கரை ஒட்டினான். அது பாதி மறைத்து, ‘வர் கிருஷ்ணசாமி’ என்று நின்றது.

சார் மேடையேறியதும் நாற்பது குரல்கள் ஒன்றாக எழுந்தன. “குட் மார்னிங் சார்!” நரைத்த தலைகளும் வழுக்கைகளும் கை கோத்து நின்றன. முதல் வரிசையில் தொடங்கிய அமுக்கல் கடைசி நாற்காலிக்குப் போனது. பலருக்குக் கண் கலங்கியது. சார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அரங்கநாதன் கைத்தடியை ஊன்றி எழுந்தார். மைக்கைப் பிடித்தார்.

“கிருஷ்ணசாமி அவர்களே, நீங்க எந்த யுனிவர்சிட்டி?”

சார் மேடைப் படியைப் பார்த்தார். இனியவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மைக் கீச்சென்று கத்திவிட்டுச் செத்தது. விளக்கு, மின்விசிறி எல்லாம் நின்றுபோயின. மண்டபத்து ஆள் ஓடி வந்து, மெயின் போர்டைத் திறந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

சார் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். போர்டின் முன் நின்று, டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுபோல் அரை நிமிடம் பார்த்தார். “நியூட்ரல் ஒயரு விட்டுப்போயிருக்கு. மெயின ஆஃப் பண்ணு” என்றார். இரண்டே நிமிடம். விளக்குகள் எரிந்தன, விசிறிகள் சுற்றின. கூரை பிய்த்துக்கொண்டு போவதுபோல் கைதட்டல்.

அரங்கநாதன் கேட்ட கேள்வியை மறந்தே போனார். வாய் பிளந்து நின்றவர் ஷீல்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். “முப்பத்தாறு வருஷம் கரண்டு பாடம் நடத்தினேன். ஒரு ஃபியூஸ் போட்டதில்ல. பாடம் நடத்தவும் தெரிஞ்சி, வேலையும் தெரிஞ்ச புரொபசர இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

கீழே இனியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியிலிருந்த முனியம்மாளிடம் திரும்பினான்.

“பாத்தீங்களா அம்மா? இவ்வளவு பெரிய படிப்பு படிச்சவரு, ஒயரத் தொடறதுக்குக் கொஞ்சமும் யோசிக்கல!”

முனியம்மாள் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“அதுதானேங்க அவரு தொழிலு! உங்க காலேஜுல புது பில்டிங்கு ஒயரிங்குக்குத்தான் வந்தாரு. ஃபேன் மாட்டலாம்னு உள்ள கால் வெச்சதும் நீங்க நாப்பத்திரண்டு பேரும் எழுந்து நின்னு குட் மார்னிங் சார்ன்னீங்களாம். அத்தினி பசங்க எழுந்து நிக்கும்போது, நான் ஃபேன் மாட்ட வந்தவன்னு எப்படிடி சொல்றதுன்னு, ஒரு வருஷம் பாடம் நடத்திட்டு வந்துட்டாரு!”