பிடியை விடாத வெயிலுமுத்து

கடலில் பட்டம் விட்டே தீருவது என்று வெயிலுமுத்து முடிவெடுத்தபோது தாராவியே அதிர்ந்தது. குறைந்தபட்சம் அவருடைய தையல் பட்டறை இருக்கும் சந்தாவது அதிர்ந்தது. அதிர்ந்தது கீழ்வீட்டு கிரைண்டரால் என்பாள் பேராச்சி. அவர் மனைவி. அவர் எதைச் சொன்னாலும் பேராச்சி அப்படித்தான் ஏதாவது சொல்லுவாள்.

விஷயம் இதுதான். மும்பை குர்லாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் சஃப்ரீன், படகேறிப் போகிற அக்கரை மாண்ட்வாவைத் தாண்டி ஒரு கடற்கரையில் கைட்போர்டிங் சொல்லித் தருகிறாள். காலில் பலகை, இடுப்பில் பெல்ட், பெல்ட்டோடு மாட்டிய ராட்சதப் பட்டம். காற்று பட்டத்தை இழுக்கும். பட்டம் ஆளை இழுக்கும். ஆள் அலைமேல் பறப்பார். அவள் பள்ளியின் கிழிந்த பெல்ட்டெல்லாம் வெயிலுமுத்துவின் மிஷினுக்குத்தான் வரும். தையல் பிடித்துப்போய், "உங்க வீட்லேருந்து ஒருத்தருக்கு ஒரு நாள் டிரெயினிங் ஃப்ரீ அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டாள். "கூட இன்னொருத்தர் கரையில நிக்கணும். அவங்களும் பாடம் கேக்கணும். அது ரூல்."

அன்றிலிருந்து வெயிலுமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பேராச்சியிடம் சம்மதம் வாங்குவது ஒன்றுதான் பாக்கி.

"ஏட்டி, ஞாயித்துக்கிழமை நான் கடல்ல பறக்கப் போறேன்."

"ஃபேன் தொடைக்க ஸ்டூல்ல ஏறச் சொன்னா தலை சுத்துதும்பிய."

"அது வேற. இது ஸ்போர்ட்ஸு. ஹெல்மெட் உண்டு, லைஃப் ஜாக்கெட் உண்டு. சேஃப்டி ஏக்தம் பக்கா."

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். பதிலை ஷேவ் செய்யும்போது கண்ணாடி முன்னால் ஒத்திகையே பார்த்திருந்தார்.

"நீதான் பொறுப்பு! கரையில நிக்கப்போற ஆளே நீதான். போன்னா போவேன். நில்லுன்னா நிப்பேன்."

"மொத்தப் பொறுப்பும் என் கையிலயா?"

"ஒன் கையில."

"பெறகு பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

"அப்பம் சரி" என்று பேராச்சி வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். இவ்வளவு சுலபமா என்று மனுஷன் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் அதற்கெல்லாம் அவருக்கு நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. வானத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டங்கள். வெயிலுமுத்து குழந்தை மாதிரி கைதட்டினார்.

சஃப்ரீன் மணலில் சின்னப் பட்டம் ஒன்றை விரித்தாள். "மொதப் பாடம் இதுதான் அண்ணாச்சி. பட்டம் உங்கள இழுத்துட்டுப் போச்சுன்னா பிடியை விட்டுடணும். விட்டா அதுவே அடங்கி விழுந்துடும். சொல்லிக் குடுக்கறது என் பொறுப்பு. விடறது உங்க பொறுப்பு. இங்க விட்டுக் காட்டுனவங்களத்தான் தண்ணியில இறக்குவேன்."

"பட்டத்தப் பத்தி எனக்கே பாடமா?" என்று வெயிலுமுத்து செல்ஃபி எடுக்கப் போனார். சங்கராந்திக்குச் சங்கராந்தி தாராவி மொட்டை மாடியில் மாஞ்சா பிடித்து விரல் கிழிந்த மனுஷன். மாடிப் பட்டத்தில் ஒரே ஒரு சட்டம்தான். விரல் போனாலும் நூலை விடக் கூடாது. விட்டவனைப் பார்த்துத் தெருவே விசிலடிக்கும்.

பேராச்சி மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் கேட்டாள். "காத்து கரையிலேந்து கடலுக்கு அடிச்சா என்ன செய்ய?" என்று கேள்வி வேறு.

"அன்னிக்கு யாரும் எறங்கக் கூடாது அக்கா."

வெயிலுமுத்துவின் முறை வந்தது. பட்டம் ஏறியது. ஒரு காற்று வந்தது. பட்டம் கிளம்பியது. வெயிலுமுத்துவும் கிளம்பினார்.

"விடுங்க அண்ணாச்சி!"

காது கேட்டது. கை கேட்கவில்லை. முதலில் ஓடினார். அப்புறம் முட்டியில் போனார். அப்புறம் வயிற்றில் போனார். கடற்கரையில் ஒரு வாய்க்காலே வெட்டினார். பேல்பூரிக்காரன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "சோடோ! சோடோ!" என்று ஊரே இந்தியில் கத்தியது.

"விட மாட்டேன்!" என்று மணலுக்குள்ளிருந்து தமிழில் பதில் வந்தது.

கடைசியில் பேராச்சிதான் ஓடிப்போய் விரல் விரலாகப் பிரித்துவிட்டாள். பட்டம் பொத்தென்று விழுந்தது. வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு அவர் பெருமையாகக் கேட்டார்: "பாத்தியா, விட்டனா?"

மறுபடி முயன்றார். மறுபடியும் விடவில்லை.

"தண்ணியில இறக்க முடியாது அண்ணாச்சி" என்றாள் சஃப்ரீன்.

"நான் பொறுப்பும்மா!"

"நீங்க எப்படிப் பொறுப்பு? என் கையிலன்னு சொன்னியல்லா?" என்றாள் பேராச்சி. "நீங்க எறங்க வேண்டாம்."

அவர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்பம் ஃப்ரீ வீணாப் போவுதேட்டி..."

"எதுக்கு வீணாப் போகணும்?"

பேராச்சி துப்பட்டாவை அவர் தோளில் போட்டாள். பிடியை வாங்கினாள். காற்று இழுத்தது. டக்கென்று விட்டாள். மறுபடி இழுத்தது. மறுபடி விட்டாள். சஃப்ரீன் கைதட்டினாள். பேராச்சி பையைத் திறந்து ஒரு பெல்ட்டை எடுத்து இடுப்பில் மாட்டினாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. வெயிலுமுத்து தையலை உற்றுப் பார்த்தார். அவருடைய தையல்! 'ஸ்கூல் பெல்ட்டு, சின்ன சைஸுக்குக் குறைக்கணுமாம், அர்ஜன்ட்' என்று போன வாரம் இவள்தான் அவர் மிஷினில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏட்டி... அப்பமே பிளானா?"

"தூங்கும்போதும் டிவி ரிமோட்ட விடாத ஆளு. பட்டத்தையா விடப்போறிய?"

சஃப்ரீன் பேராச்சியின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே கடலில் இறங்கினாள். பெரிய பட்டம் சாய்ந்தது. பேராச்சி குப்புறப் படுத்தவாக்கில் அலையைப் பிளந்துகொண்டு போனாள். "எம்மாடீ!" என்ற அவள் கூச்சல் கரைவரை கேட்டது. வெயிலுமுத்துவுக்கு வயிறு எரிந்தது. உயிர் கையில் இல்லை. பெருமை தாங்கவும் முடியவில்லை. மூன்றும் சேர்ந்து, தன்னை மறந்து விசிலடித்தார்.

சொட்டச் சொட்ட, முகமெல்லாம் சிரிப்பாக அவள் கரையேறினாள். அவர் துண்டை நீட்டிக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் நான் வரலாமாட்டி?"

"என்ன இப்படிக் கேட்டுட்டிய? நீங்க வராம எப்படி?"

வெயிலுமுத்துவின் முகம் மலர்ந்தது.

"கரையில நிக்க ஆள் வேணும்லா."