பதினாலாம் நம்பர் பெட்

அரைகுறை மராத்தி தெரிந்த தாராவித் தமிழனிடம் போனைக் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்தத் தமிழன் நான்தான்.

மறுநாள் என் முதல் வேலையில் சேர வேண்டும். வசிப்பிடச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். அதைத் தரும் அரசு அலுவலகம் வெள்ளைக்காரன் கட்டிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இருந்தது. பழைய ஆஸ்பத்திரி என்றால்தான் டாக்ஸிக்காரர்களுக்கே தெரியும்.

உள்ளே போனதும் வாயைப் பிளந்துவிட்டேன். எங்கள் சந்து வீடுகளில் நாலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் கூரை இடிக்காது. வண்ணக் கண்ணாடி வழியாகத் தரையில் சிவப்பு வெயில். (செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள்.) குமாஸ்தாக்களின் தலைக்கு மேலே சுவரில் பழைய படுக்கை எண்கள் அப்படியே இருந்தன. பியூன் ஒவ்வொரு மேஜையையும் அந்த எண்ணை வைத்து 'பெட்' என்றுதான் சொன்னார்.

பதினாலாம் நம்பர் அதிகாரி என் மனுவைத் திருப்பித் தள்ளினார். பல வருடமாக என்னைத் தெரிந்த இரண்டு பேர் நான்கு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அம்மாவுக்கு அவசரமாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

"எம்மா, பழைய ஆஸ்பத்திரில இருக்கேன். பதினாலாம் நம்பர் பெட். தாக்லா ஆவணும்னா நம்மாளு ரெண்டு பேரு வந்து கையெழுத்துப் போடணுமாம். சீக்கிரம்."

மராத்தியில் தாக்லா என்றால் சான்றிதழ். அம்மாவின் பம்பாய் இந்தியில் அது அட்மிஷன். அந்தத் தடித்த கல்சுவருக்குள் அதற்குப்பின் சிக்னலும் கிடைக்கவில்லை.

மூன்றரை மணிக்கு அழுதுகொண்டே அம்மா வந்தாள். பின்னால் ஹார்லிக்ஸ் பிளாஸ்குடன் சித்தி, தலையணையுடன் சித்தப்பா, எங்கள் சபைப் போதகர், அவருக்குப் பின்னால் பாதிச் சந்து.

"ஏல, ஒன்ன நிக்க வச்சிருக்காவ. படுக்கச் சொல்லலயா?"

"எம்மா, இது ஆபீஸு."

"ஆபீஸுல எதுக்குல பெட்டு?"

அதற்குள் போதகர் கண்ணை மூடி, என் மேல் ஆபரேஷன் கத்தி படாமல் காக்கும்படி ஜெபம் தொடங்கிவிட்டார். குரல் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அதிகாரியும் எழுந்து நின்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. இந்த வார்டுக்குள் யார் யாருக்காகவோ எத்தனை பேர் இப்படி ஓடி வந்திருப்பார்கள். இன்றைக்கு, ஒரு தலைவலிகூட இல்லாத எனக்காக இவ்வளவு பேர்.

ஆமென் சொல்லும்வரை காத்திருந்துவிட்டு அதிகாரி கேட்டார்: "யே சப் கோன் ஹை?" (இவங்க எல்லாம் யாரு?)

"என்னைத் தெரிந்தவர்கள், சார்."

இரண்டு கையெழுத்துக்குத்தான் இடம் இருந்தது. விளிம்பிலும் பின்பக்கத்திலுமாகப் பதினோரு பேர் போட்டார்கள். நான்கு மணிக்கு முன்பே சான்றிதழ் என் கையில்.

இன்றும் யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால் அம்மா முந்திக்கொள்வாள்.

"பழைய ஆஸ்பத்திரில, பதினாலாம் நம்பர் பெட்ல பொறந்த வேலைல்லா அது. சுகப்பிரசவம்."