ஹைபிரிட்டா, பிளக்-இன்னா: ஈவாஞ்சலின் அக்கா தீர்ப்புக்கு

தூத்துக்குடி

மாதாவின் நிழலில், கொச்சியில் மகள் வீட்டில் இருந்துகொண்டே எங்கள் அனைவரையும் ஆண்டுவரும் மரியாதைக்குரிய ஈவாஞ்சலின் அக்கா அவர்களுக்கு, தம்பி சிலுவை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஞானசௌந்தரியும், பக்கத்து வாசலில் தம்பி ரோச்சும் விஜிலாவும் சுகம். அத்தானுடைய முழங்காலுக்காகவும் பேத்தியின் பாட்டுப் பரீட்சைக்காகவும் நம் தெருவில் மாதா சுரூபம் இருக்கும் கெபியில் தனித்தனியாக மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறோம். இந்த இடத்தில் ‘நிற்க’ என்று எழுதுவது வழக்கம். இங்கே எதுவும் நின்ற இடத்தில் நிற்கவில்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா விட்டுப்போன காம்பவுண்டுக்குள் எனக்கும் ரோச்சுக்கும் வீடு இரண்டு, கார் ஒன்று என்பது உங்களுக்குத் தெரியும். அந்த டிசம்பர் வெள்ளத்தில் முங்கி எழுந்ததிலிருந்து அந்தக் கார் கார் மாதிரியே நடந்துகொள்ளவில்லை. ஏசி போட்டால் நண்டு வாடை வரும். ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும். போன மாதம் ஆலந்தலைக்குக் கலியாணத்துக்குக் கிளம்பி, முள்ளக்காடு தாண்டவில்லை, உயிரை விட்டுவிட்டது. ரோச் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான், நான் பானெட்டைத் திறந்து வைத்து ஆலோசனை சொன்னேன், பட்டுச் சேலையோடு வண்டியைத் தள்ளிக் கிளப்பியது ஞானசௌந்தரியும் விஜிலாவும். நாங்கள் கோயில் வாசலில் போய் இறங்கும்போது மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கே இரண்டு வீட்டாரும் சேர்ந்து புது வண்டி வாங்குவது என்று முடிவானது. அது வரைக்கும் சண்டை ஒன்றும் இல்லை.

நான் ஹைபிரிட் என்றேன். ரோச் பிளக்-இன் ஹைபிரிட் என்றான். இரண்டிலும் பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பேட்டரியும் உண்டு. ஹைபிரிட் ஓட ஓடத் தனக்கு வேண்டிய கரண்ட்டைத் தானே பண்ணிக்கொள்ளும், யாரும் ஒயர் போட வேண்டியதில்லை. பிளக்-இன்னுக்கு வீட்டில் ஒயர் மாட்டி ஊட்ட வேண்டும். ஊட்டினால் டவுனுக்குள் பெட்ரோலைத் தொடாமல் ஓடும். ஊட்டாவிட்டாலும் ஓடத்தான் செய்யும், ஆனால் அந்தக் கனத்த பேட்டரியையும் சுமந்துகொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓடும். ஹார்பரில் இழுவைப் படகின் இன்ஜின் அறையிலேயே தலை நரைத்தவன் நான். ஊட்டிவிட்டால்தான் ஒழுங்காக ஓடுவேன் என்கிற இன்ஜினை நான் வீட்டுக்குள் சேர்ப்பேனா? ரோச்சுக்கோ மாடியில் சோலார் தகடு போட்டதிலிருந்து சூரியனே அவனிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. “வெயில் சும்மா போகுதுண்ணே, அதை வண்டிக்குள்ள ஏத்துவோம்” என்றான். சிக்கல் என்னவென்றால் சோலார் அவன் மாடியில், கார் செட் என் பக்கம். முற்றத்துக்குக் குறுக்கே ஒயர் போக வேண்டும். முற்றத்தில் ஞானசௌந்தரி காயப்போடும் துணியும் விஜிலா காயப்போடும் நெத்திலியும் இருக்கின்றன.

நம் கோயில் பங்கைச் சேர்ந்த ஜாய்சன் இப்போது கார் ஷோரூமில் வேலை பார்க்கிறான். அங்கே ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிற பிளக்-இன் வண்டி ஒன்றை, சில நாள் வைத்திருந்து பாருங்கள் என்று ரோச்சிடம் விட்டுப்போனான். ரோச் மைக்செட் சொரிமுத்துவிடம் நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி வந்து, முற்றத்தைத் தாண்டி இழுத்து, சாயங்காலம் பிளக்கை மாட்டினான். “ஏலே, சூரியன் மறைஞ்ச பிறகா சோலார்ல போடுத?” என்று கேட்டேன். “இது டெஸ்ட்டுண்ணே” என்றான். இது அக்டோபர், ஜெபமாலை மாதம். தெருவே கெபி முன்னால் கூடியிருந்தது. கெபியின் மைக்குக்கும் சீரியல் பல்புக்கும் வருஷா வருஷம் கரண்ட் கொடுப்பது ரோச் வீடு. மைக்கில் பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தவள் ஞானசௌந்தரி. உள்ளே விஜிலா கிரைண்டரைப் போட்டாள். டப்பென்று ஒரு சத்தம். மைக் போனது, பல்பு போனது, மாதாவைச் சுற்றி இருந்த நீல வெளிச்சம் போனது. அந்த இருட்டில் நான் ஒருவன் மட்டும் சிரித்தேன். அடக்கத்தான் பார்த்தேன் அக்கா, முடியவில்லை. கெபி முன்னால் என் சிரிப்பு மைக் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்டது.

ரோச் அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினான். மறுநாள் கொத்தனார் வந்து முற்றத்தை நூல் பிடித்து அளந்தார். அதற்கு மறுநாள் மணல் வந்து இறங்கியது. விஜிலாவிடம் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “நடுவுல சுவர் எடுத்துருவோம், அண்ணன் பக்கம் அண்ணன் வண்டி, என் பக்கம் என் வண்டின்னு சொல்லுதாவ அத்தான்” என்றாள். சுவர் வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது, “எடுக்கட்டும், நல்ல உசரமா எடுக்கச் சொல்லு” என்பதுதான். அன்றிரவு ஞானசௌந்தரி எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை.

சரி, என் கட்சிதான் சரியான கட்சி என்று உலகத்துக்குக் காட்டிவிடலாம் என்று ஜாய்சனிடம் ஹைபிரிட் வண்டியைக் கேட்டு வாங்கினேன். முன்னால் ஞானசௌந்தரி, பின்னால் ஜாய்சன், ஸ்டியரிங்கில் நான். ஆலந்தலை வரைக்கும் போய், கலியாணத்தில் பார்க்காமல் விட்ட சொந்தங்களைப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். முக்காணி பாலம் வரைக்கும் ராஜ பவனி. ஆத்தூர் கடைத்தெருவில் முன்னால் ஒரு பஸ் நின்றதால் நானும் பிரேக் போட்டேன். இன்ஜின் சத்தம் நின்றுபோனது. வண்டி நிற்கும்போது இன்ஜின் தானாக அணையும் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவனே நான்தான். ஆனாலும் இத்தனை வருஷம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே சம்பளம் வாங்கிய காது, ‘போச்சு’ என்றது. பெல்ட்டைக் கழற்றிக் கீழே இறங்கிவிட்டேன். வண்டி பீப் பீப் என்று கத்தியது. கோளாறு முற்றிவிட்டது என்று நினைத்து பானெட் பக்கம் போனேன். பஸ் நகர்ந்தது. வண்டியும் பின்னாலேயே மெல்ல நகர்ந்தது. நான் கியரிலிருந்து எடுக்கவே இல்லையாம்.

“ஏங்க, வண்டி போகுது” என்றாள் ஞானசௌந்தரி.

“ஏளா, வண்டி நின்னுபோச்சு. நீ பேசாம இரி” என்றேன்.

“நின்னுபோன வண்டிதான் போகுது” என்று சொல்லிக்கொண்டே அவள் என்னைக் கடந்து போனாள்.

நான் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். ஹார்பரில் கப்பலை இழுத்த தைரியம். கால் மடங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். வண்டி அய்யாக்குட்டி அண்ணாச்சி வெற்றிலைக் கடையில், அடுக்கி வைத்திருந்த கட்டுகளுக்குள் முகத்தைப் புதைத்த பிறகுதான் ஜாய்சன் பின்னாலிருந்து எட்டி ஏதோ பொத்தானை அமுக்கினான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, மாதாவுக்கு நன்றி. அண்ணாச்சி நல்ல மனுஷர். முதலில் ஞானசௌந்தரிக்கு சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்து, “வண்டியை விட்டுட்டு நீங்க எங்கன போனிய?” என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.

கணுக்கால் வீங்கி அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, யாரைக் கூப்பிட என்று ஞானசௌந்தரி என்னைக் கேட்கவில்லை. நேரே ரோச்சைக் கூப்பிட்டுவிட்டாள். அவன் பிளக்-இன்னை எடுத்துக்கொண்டு பறந்து வந்து சேர்ந்தான். கேலி பண்ணுவான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் குனிந்து என் காலைத் தொட்டுப் பார்த்து, “எலும்பு முறியல. எந்திரிண்ணே, என் மேல சாஞ்சுக்கோ” என்றான். அவ்வளவுதான் அக்கா. இதை எழுதும்போது கண் கலங்குகிறது, அதனால் இந்த வரி கொஞ்சம் கோணலாக இருக்கும்.

ஞானசௌந்தரி ஜாய்சனோடு அந்த வண்டியில் போக, நான் ரோச்சோடு திரும்பினேன். அவன் வண்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜின் சத்தமே கிடையாது. பேசாமல் இருக்கும் இரண்டு பேர் அப்படிப்பட்ட வண்டியில் ஏறவே கூடாது. அவன் எச்சில் விழுங்குவது எனக்குக் கேட்டது, நான் மூச்சு விடுவது அவனுக்குக் கேட்டது. பழையகாயல் பக்கம் வரும்போது தாங்க முடியாமல், “கெபியில நான் சிரிச்சது தப்புதான்” என்றேன். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “கிரைண்டரை விஜிலா போட்டது எனக்கு அப்பவே தெரியும். வண்டி மேல பழி வந்துருச்சேன்னுதான் கோவம்” என்றான். கொஞ்ச தூரத்தில் பேட்டரி தீர்ந்து, இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது. “ஏலே, இப்பதாம்ல வண்டி வண்டியா இருக்கு” என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான் பாருங்கள், உப்பளத்து ஓரமாக வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தப் பக்கமாகப் போன சைக்கிள்காரர் இறங்கி, உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் நான் பெருந்தன்மையாக, “பிளக்-இன்னே எடுப்போம்” என்றேன். அவனும் பெருந்தன்மையாக, “இல்லண்ணே, ஹைபிரிட்தான். உன் காது சொல்லுததை நாங்க கேக்கணும்” என்றான். “சும்மா எனக்காகச் சொல்லாத” என்றேன். “நீதான் எனக்காகச் சொல்லுத” என்றான். பேச்சு தடித்து, இப்போது நான் பிளக்-இன்னுக்காகவும் அவன் ஹைபிரிட்டுக்காகவும் முன்னைவிட மும்முரமாகச் சண்டை போடுகிறோம். ஒரே ஆறுதல், சுவர் இல்லை. வந்த மணலில் கார் செட் ஓரம் பிளக் பாயிண்டுக்கு ஒரு தூண் எழுப்பச் சொல்லிவிட்டேன். அது வேண்டாம் என்று ரோச் கொத்தனாரைத் திருப்பி அனுப்புகிறான். அவர் வருவதும் போவதுமாக இருக்கிறார், தினமும் நம் வீட்டில்தான் காப்பி.

ஆகவே அக்கா, அப்பாவுக்குப் பிறகு எங்களுக்கு நீங்கள்தான். ஹைபிரிட்டா, பிளக்-இன்னா, ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். நாங்கள் இருவரும் மறுபேச்சு பேச மாட்டோம். அத்தானுக்கு என் வணக்கம், பேத்திக்கு முத்தம். உங்கள் வீட்டு வாசலில் என்றும் சமாதானம் குடியிருக்கட்டும், மிச்சம் இருந்தால் இந்தப் பக்கமும் கொஞ்சம் அனுப்பி வையுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
சிலுவை

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது விஜிலா வந்து யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஞானசௌந்தரியைக் கூப்பிட்டுக் காட்ட, இரண்டு பேரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆத்தூரில் நடந்தது முழுவதும் அன்று சாயங்காலமே உங்களுக்குப் போனில் வந்து சேர்ந்துவிட்டதாம். நீங்கள் சொன்னபடி இவர்கள் இருவரும் சேர்ந்து மறுநாளே ஜாய்சனிடம் வண்டி புக் பண்ணியாகிவிட்டதாம். அதுவும் ஹைபிரிட்டும் இல்லை, பிளக்-இன்னும் இல்லை, பெட்ரோலே கேட்காத முழுக் கரண்ட் வண்டியாம். ஜாய்சனைக் கூப்பிட்டு, “பிறவு ஏம்ல முந்தாநாள்கூட ரெண்டு வண்டி நோட்டீசையும் கொண்டாந்து தந்த?” என்று கேட்டேன். “நீங்க ரெண்டு பேரும் ஆசையா கேட்டிய மாமா” என்கிறான். நானும் ரோச்சும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெகு நேரம் பேசினோம். விவரம் தெரிந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே கட்சியாக இருப்பது இதுவே முதல் தடவை. அந்த வண்டி எங்கள் இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை அக்கா. மனதுக்கு எவ்வளவு நிறைவாக இருக்கிறது தெரியுமா.