அமெரிக்காவிலிருந்து ஆள் எடுத்த ஏஜென்சி அண்ணை

பாரிஸின் லா ஷப்பலில் இருக்கும் தமிழர்களில் பாதிப் பேர் கனடாவுக்குப் போக ஆசைப்பட்டவர்கள். மீதிப் பேர் அமெரிக்காவுக்கு. அமெரிக்காவிலிருந்து பாரிஸுக்கு ஆள் எடுத்தே தீருவேன் என்று கச்சை கட்டிக்கொண்டு நின்றவர், நானறிய, இந்த உலகத்திலேயே எங்கள் ஏஜென்சி அண்ணை ஒருவர்தான்.

அப்போது நான் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு குச்சுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். சிம் கார்ட், ஃபோட்டோ கொப்பி, கல்யாணக் கார்ட், பிரெஞ்சுப் படிவம் நிரப்புதல், எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். ஒரு மத்தியானம் அண்ணை உள்ளே வந்தார். இடுப்புக்கு மேலே கறுப்புக் கோட், டை. இடுப்புக்குக் கீழே சமையலறைக்காரர் போடும் கட்டம் போட்ட காற்சட்டை. பக்கத்து உணவகத்தில் சட்டி கழுவுகிற வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடைவேளையில், மேல்பாதியை மட்டும் தொழிலதிபராக மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, ஒரு விசிட்டிங் கார்ட் அடிக்கவேணும்."

"என்னெண்டு போட அண்ணை?"

"ஏஜென்ட் எண்டு போடும். அமெரிக்காவிலையிருந்து ஐரோப்பாவுக்கு நல்ல இளம் ஆக்களை எடுத்துக் குடுக்கிறது. எங்கட சனத்துக்கும் விளங்கவேணும், தமிழிலையும் போடும்."

அமெரிக்கக் கால்பந்துக் கழகங்களில் ஆடும் திறமையான பிள்ளைகளை ஐரோப்பியக் கழகங்களுக்கு மாற்றிவிடுவதுதான் அவர் சொன்ன தொழில். கால்பந்து என்ற சொல்லை நான் போடவில்லை. மூலையில் ஒரு பந்துப் படம் போட்டிருக்கிறேனே, அது போதாதா என்று நினைத்தேன். எங்கள் பிரிண்டரின் கைவண்ணத்தில் அந்தப் பந்து அச்சொட்டாக உலக உருண்டை மாதிரி வந்து தொலைத்தது. பிழை முழுக்க என்னுடையது.

ஏனென்றால் எங்கள் சனத்தின் அகராதியில் ஏஜென்ட் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. காடு, கடல், லொறி எல்லாம் தாண்டி, கள்ள வழியில் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கிறவர். அந்தத் தெருவில் தேநீர் குடிக்கிற அநேகம் பேர் அப்படி ஒரு ஏஜென்டின் கைக்குள்ளால் வந்து இறங்கியவர்கள். அந்தத் தெருவில்தான் இவர் கார்டைக் கைநிறைய விநியோகித்தார்.

மூன்றாம் நாளே பியர்ஃபித் புறநகரிலிருந்து ஒரு பெண், ஆளை எடுப்பிக்கவேண்டுமென்று தேடி வந்துவிட்டார். அண்ணை என் கடையின் ஒற்றைக் கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து முதல் நேர்காணலைத் தொடங்கினார்.

"ஆர் தங்கச்சி, உங்கட தம்பியோ? எந்தப் பக்கம்? லெஃப்டோ, ரைட்டோ?"

"ஐயோ அண்ணை, அவன் ஒரு கட்சியிலும் இல்லை. தன்ர பாட்டிலை இருக்கிற பிள்ளை."

"அது நல்லது. வயசு?"

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டோ! ஒருத்தனும் எடுக்கமாட்டான் தங்கச்சி. இருபதுக்குள்ளை எண்டால் பாக்கலாம்."

அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாஸ்போர்ட்டிலை வயசைக் குறைக்கேலாதோ அண்ணை?" என்று கேட்டார். அண்ணை கதிரையிலிருந்து துள்ளி எழும்பிய வேகத்தில் என்னுடைய தேநீர் கல்யாணக் கார்ட்களில் கொட்டியது. கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். தெருவில் நின்றவர்களுக்கு அது போதும். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் செத்துப்போய், ஏஜென்சி அண்ணை பிறந்தார். "அமெரிக்காவிலையிருந்து இஞ்சையோ? வேலை இல்லாமல் இஞ்சை நாங்கள் படுற பாடு காணாதோ?" என்று தேநீர்க் கடையே குலுங்கிச் சிரித்தது.

அன்றைக்கு நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு அண்ணை மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, என்னட்டை இருக்கிறது ஒரே ஒரு பிளேயர்தான். என்ர மகள்."

மகளின் பெயர் ஆரணி. ஏழு வயதில் தாயுடன் நியூ ஜெர்சியில் இருக்கும் மாமன் வீட்டுக்குக் கோடை விடுமுறைக்குப் போனவள். விடுமுறை முடியவேயில்லை, தாய் திரும்பி வர விரும்பவில்லை. அண்ணை அமெரிக்க விசாவுக்கு இரண்டு தரம் போட்டார், இரண்டு தரமும் இல்லை என்றுவிட்டார்கள். ஆரணி அங்கே வளர்ந்து, ஒரு கழகத்தில் கோல் கீப்பர் ஆனாள். பதினெட்டு வயது முடியாமல் கடல் தாண்டி மாற்ற முடியாதாம். அந்த விதியை எங்கோ படித்துவிட்டு, நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்து, அவளுக்குப் பதினெட்டு ஆன மாதம்தான் கார்ட் அடிக்க வந்திருக்கிறார்.

"சும்மா வந்து பாத்திட்டுப் போகச் சொல்லலாமே அண்ணை?"

"அப்பாவைப் பாக்க வா எண்டால், 'பாப்பம்' எண்டுவாள் தம்பி. பதினொரு வருசம். அவளுக்கு என்னோடை என்ன கதைக்கிறதெண்டு தெரியாது. எனக்கும் தெரியாது. விளையாட வா எண்டால் வருவாள்."

அன்றிலிருந்து நானும் அந்தத் தலைகீழ் ஏஜென்சியில் ஒரு பங்காளி ஆகிவிட்டேன்.

ஆரணியின் ஆட்டங்களை அவளுடைய கழகம் இணையத்தில் போடும். அண்ணை லா கூர்னெவ் புறநகரில் ஓர் அறையில் தனியாக இருந்தார். வேலைக்கு வரும்போது ரயிலில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பார். நெரிசலுக்கு நடுவே திடீரென்று "பிடி பிள்ளை, பிடி!" என்று கத்துவார். பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரர் பயந்துபோய், எதையென்று தெரியாமல் எதையாவது பிடித்துக்கொள்வார். கார் து நோர் நிலையத்தில் இறங்கும்போது அந்தப் பெட்டியில் அண்ணைக்கு மட்டும் இரண்டு பக்கமும் இடம் இருக்குமாம்.

மகளின் திறமையைக் காட்டும் ஒரு வீடியோவை நாங்கள் இருவரும் சேர்ந்து கடையில் வெட்டி ஒட்டினோம். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. ஆரணியின் அணி மகா கெட்டிக்கார அணி. பந்து அவள் பக்கம் வருவதே இல்லை. எட்டு நிமிட வீடியோவில் ஆரணி தண்ணீர் குடித்தாள், சப்பாத்து நாடா கட்டினாள், கம்பத்தில் சாய்ந்தாள், ஒருமுறை கொட்டாவி விட்டாள். அவ்வளவு பெரிய பச்சைத் திடலில் தன்னந்தனியாக ஒரு பிள்ளை.

"பாரும் தம்பி, நிக்கிற ஸ்டைலை!" என்றார் அண்ணை. நான் கொட்டாவியை மட்டும் வெட்டினேன்.

நான் பிரெஞ்சில் கடிதம் எழுத, பிரான்சில் உள்ள பெண்கள் கழகங்களுக்கெல்லாம் அந்த வீடியோ போனது. ஒருவரும் பதில் போடவில்லை. அண்ணை தினமும் இடைவேளையில் வந்து, "மெயில் ஏதும்?" என்று கேட்டுவிட்டு, நான் தலையாட்டியதும் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு சட்டி கழுவப் போய்விடுவார்.

கடைசியில் வடக்கே ஒரு சின்ன நகரத்துக் கழகத்திலிருந்து பதில் வந்தது. நான் மொழிபெயர்த்து வாசித்தேன். வீடியோவுக்கு நன்றி. கோல் கீப்பரைப் பற்றி எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவரிடம் பந்து வரவில்லை. ஆனால் அவருக்கு முன்னால் நின்று எல்லாப் பந்தையும் தடுக்கிற அந்த நாலாம் இலக்கம் யார்? அவர் எங்களுக்கு வேண்டும்.

அண்ணை நெடுநேரம் உலக உருண்டைக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விட்டிடுவம் அண்ணை. பதில் போடத் தேவையில்லை."

"சீச்சீ. அந்தப் பிள்ளை என்ன குற்றம் செய்தது? ஆரோ பெத்த பிள்ளை. அதுக்குக் கிடைச்சதை நான் மறைக்கிறதோ?" என்றவரின் முகம் மறுகணமே வெளித்தது. "அதோடை தம்பி, நாலாம் இலக்கத்தை இஞ்சை எடுத்திட்டால் அங்கை பிள்ளைக்குப் பந்து வருமெல்லே! பேந்து பாரும் வீடியோவை!"

இந்த மூளையை நான் என்னவென்று சொல்வது?

நாலாம் இலக்கம் பத்தொன்பது வயதுப் பெண். ஆரணியின் உயிர்த் தோழி. அவளும் சம்மதித்தாள். கழகம் அனுப்பிய படிவத்தை நான் நிரப்பினேன். அதில் ஒரு கேள்வி: நீங்கள் இந்த வீராங்கனைக்கு யார்? ஏஜென்ட் என்று எழுதினால் உரிம இலக்கம் கேட்கும். அண்ணையிடம் என் பிரிண்டர் கொடுத்ததைத் தவிர வேறு உரிமம் கிடையாது. பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

"சிநேகிதியின்ர தகப்பன் எண்டு போடும்," என்றார்.

விமானநிலையத்துக்கு நானும் போனேன். அண்ணை கையில் ஒரு மட்டை. ஆரணி வரும்போது பிடிப்பதற்காக, வீடியோ வெட்டி முடித்த அன்றே என்னிடம் அவளுடைய பெயரைப் பெரிய எழுத்தில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். அதன் பின்பக்கத்தில் நாலாம் இலக்கத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். வருகிறவர்கள் பக்கம் அந்தப் பெண்ணின் பெயர். அவர் நெஞ்சுப் பக்கம் ஆரணி.

அந்தப் பெண் வந்து இறங்கியதும், பயணம் எப்படி, குளிருகிறதா என்று ஒரு சடங்குக் கேள்விகூட இல்லை. என்னைத் தட்டி, "பிள்ளை வடிவாச் சாப்பிடுறவளோ எண்டு கேளும்," என்றார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். "ஆரணியா? என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிடுவாள்," என்று சிரித்தாள். அண்ணை ரயில் பாரிஸ் வந்து சேரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

முதல் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வடக்கத்திக் காற்று காதை அறுத்தது. திடலைச் சுற்றி ஒரு கைப்பிடி சனம். நியூ ஜெர்சியில் அப்போது காலை. சிநேகிதியின் ஆட்டத்தை மகளுக்குக் காட்டவென்று அண்ணை வீடியோ அழைப்பு எடுத்து, ஃபோனை நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

"தெரியுதே பிள்ளை?"

"ம். தெரியுது பப்பா."

அவ்வளவுதான், வர்ணனை தொடங்கியது. "இந்தா தடுத்திட்டாள்! ஐயோ, நடுவர் குருடன்! பாத்தியே? பாத்தியே?" கை வலித்து மற்றக் கைக்கு மாற்றும்போது, ஃபோனுக்குள்ளிருந்து ஆரணியின் குரல் வந்தது. "ஆட்டாதேங்கோ பப்பா. இப்பிடியே பிடியுங்கோ."

இடைவேளையில் கோப்பி வாங்கிக்கொண்டு வந்து அவர் முதுகுப் பக்கமாக எட்டிப் பார்த்தேன். கமரா திடலைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் குளிரில் சிவந்த மூக்கோடு அவருடைய முகம். வாசிக்கும் கண்ணாடியைக் கோட்டுப் பையில் வைத்திருந்ததால் அவருக்கு அது தெரியவில்லை. திரை நிறைய ஆரணி, தலையணையில் நாடியை ஊன்றிக்கொண்டு, கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பொத்தானைத் தட்டினால் கமரா திரும்பிவிடும். நான் கோப்பியைக் குடித்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் நாலாம் இலக்கத்தை வெளியே எடுத்துவிட்டார்கள். அண்ணை சோர்ந்துபோனார்.

"பிள்ளை, உன்ர சிநேகிதியை எடுத்திட்டாங்கள். இனிப் பாக்க ஒண்டுமில்லை. வைக்கட்டே?"

"வைக்காதேங்கோ பப்பா," என்றாள் ஆரணி. "நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

ஆரணி இன்னும் பாரிஸ் வரவில்லை. ஆனால் ஆட்டம் உள்ள ஞாயிறுகளில் இன்றைக்கும் அவளே முந்திக்கொண்டு அழைப்பு எடுக்கிறாளாம். "பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பந்தாட்டத்திலை நல்ல விருப்பம் வந்திட்டுது தம்பி," என்று அண்ணை பெருமையோடு சொல்கிறார். லா ஷப்பல் பக்கம் போகிறவர்கள் அவரைக் கண்டால் தாராளமாகக் கதையுங்கள், கேலியும் செய்யுங்கள். கமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.