எல்லாருக்கும் இடமுள்ள கோயிலில் எனக்கு மட்டும் இடமில்லை

மகா கனம் பொருந்திய பேராயர் ஐயா அவர்களின் சமுகத்துக்கு,

புனித ஆஸ்வால்ட் ஆலயத்தில் அறுபத்தோரு வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவரும் சைலஸ் கிரிம்ஷா, வயது எண்பத்து நாலு, மிகுந்த வணக்கத்துடனும் அதைவிட மிகுந்த கோபத்துடனும் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மழை. நான் நலமில்லை.

எங்கள் குருவம்மா ரோவினாவை உடனே வேறு ஊருக்கு மாற்ற வேண்டும். பெண் பீடத்தில் நிற்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு முன்னால் இருந்த மூன்று ஆண்களின் பிரசங்கத்தையும் கேட்டவன் நான். ரொட்டிக் கடை டெஸ்மண்டும் அவன் துணைவனும் ஆசீர்வாதம் வாங்க முன்னால் போய் நின்ற அன்று மணிக்கயிற்றை இழுத்ததே நான்தான். கடவுளைத் தாய் என்று கூப்பிட்டாலும் எனக்கு வழக்கில்லை. "ஒருத்தர்கூட இந்தக் கதவுக்கு வெளிய நிக்கக் கூடாது" என்று சொல்லி, சக்கர நாற்காலிக்குச் சரிவு கட்டினார், காது கேளாதவருக்குக் கருவி வைத்தார், கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்குத் தனி அப்பம் செய்தார், நாய்க்குக்கூடத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார். எல்லாம் சரி. ஆனால் யார் மனமும் நோகாத வார்த்தை தேடித்தேடி வாரா வாரம் ஆராதனையையே மாற்றி, புதுத் தாளில் அச்சடித்துக் கையில் கொடுக்கிறாரே, அதுதான் என்னைக் கொல்கிறது. ஐயா, எனக்குப் படிக்கத் தெரியாது. நிலக்கரிப் படகில் பிறந்தவன். எந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமும் எங்கள் அப்பா ஒரு வாரத்துக்கு மேல் படகைக் கட்டியதில்லை. பழைய ஆராதனை முழுவதும் எனக்கு மனப்பாடம். பாட்டு வரிகளை மட்டும் என் மனைவி டோரீன் முன்கூட்டியே காதில் சொல்லிவிடுவாள். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவளைத் தவிர இந்தச் சேதி தெரிந்தவர் யாருமில்லை.

வாசலில் தாள் கொடுப்பவன் சபைப் பொறுப்பாளர் ஹெஸ்கெத். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு ஒரு கமிட்டியே கூடிவிட்டது! அடுத்த வாரம் எனக்கென்று பெரிய எழுத்தில் தாள். அப்புறம் இன்னும் பெரிய எழுத்து, மஞ்சள் காகிதத்தில், மேசை விரிப்பு அளவுக்கு. அதற்கும் நான் வாயைத் திறக்காததால் காலுள்ள பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கி என் பெஞ்சில் பொருத்தினான். அந்த வருடம் எங்கள் ஊருக்கு வந்த ஒரே வெயில், அன்றைக்குப் பார்த்துத் தெற்கு ஜன்னல் வழியாக அந்தக் கண்ணாடியில் இறங்க, பாவமன்னிப்பு ஜெபத்தின் நடுவில் தாள் புகைந்தது. ஹெஸ்கெத் பீடத்துப் பூச்சாடியைத் தூக்கி வந்து என் மடியில் கவிழ்த்தான்.

இதோடாவது விட்டார்களா? "எல்லாரும் வருக" ஞாயிறன்று வேதபாடம் வாசிக்க என் பெயரைப் போட்டுவிட்டார்கள். "உங்க குரலும் கேக்கணும் அண்ணே" என்று ஹெஸ்கெத் என் கையைப் பிடித்து மேடையில் ஏற்றினான். அன்றைய பாடம் ஏதோ விருந்தைப் பற்றியதாம், பிறகுதான் தெரிந்தது. எனக்கிருந்த எரிச்சலில் நாக்கில் வந்து நின்றது, அந்தக் காலத்தில் ஈஸ்டருக்கு முந்திய தவசு நாட்களின் தொடக்கத்தில் சொல்லும் சாபங்கள். எல்லைக்கல்லை நகர்த்துகிறவன் நாசமாய்ப் போவானாக என்று ஆரம்பித்து, குருடனுக்குத் தப்பு வழி காட்டுகிறவன்வரை ஒன்றுவிடாமல் சபித்தேன். சபையார் பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றுக்கும் "ஆமென்" போட்டார்கள்! ரொட்டிக் கடை டெஸ்மண்டின் ஆமென்தான் எல்லாவற்றிலும் சத்தம்.

ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது ஹெஸ்கெத் கண் கலங்கி நிற்கிறான். "தாளைப் பாக்காமலே சொன்னீங்களே! தீர்க்கதரிசி மாதிரி இருந்துச்சு அண்ணே!"

"போடா பைத்தியக்காரா."

"இனிமே மாசா மாசம் நீங்கதான். பட்டியல்ல போட்டாச்சு."

மூன்று ஞாயிறாக நான் கோயிலுக்குப் போகவில்லை. கால்வாய் ஓரம் உட்கார்ந்து வாத்துகளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நாய்க்கு இடமிருக்கிற கோயிலில் எனக்கு இடமில்லை. டோரீன் அந்தக் கோயில் தோட்டத்தில்தான் படுத்திருக்கிறாள். இந்த வயதில் நான் வேறு எந்தக் கோயிலுக்குப் போவேன்? குருவம்மாவை மாற்றுங்கள், பழைய ஆராதனையைத் திருப்பிக் கொடுங்கள்.

தங்களுக்கும் தங்கள் மறைமாவட்டத்துக்கும், ஹெஸ்கெத் நீங்கலாக, சகல ஆசீர்வாதமும் உண்டாவதாக.

இப்படிக்கு,
சைலஸ் கிரிம்ஷா (கைநாட்டு)

பின்குறிப்பு: இதை எழுதியது யார் என்று கேட்பீர்கள். பாவ அறிக்கையாகச் சொன்னதைக் குருமார் உயிர் போனாலும் வெளியே விடக்கூடாது அல்லவா? அதனால் குருவம்மாவிடமே போய், "இது பாவ அறிக்கை, எழுதிக்குங்க" என்றேன்.

"என்னை மாத்தணும்கிறதையும் எழுதணுமா ஐயா?"

"அதைத்தாம்மா முதல்ல எழுதணும்."

எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். நான் சொன்னது அத்தனையும் எனக்கு ஞாபகமிருந்தது. ஒரு வசவைக்கூட அவர் மழுப்பவில்லை. இப்படிப்பட்டவரை மாற்றினால் உங்களுக்குத்தான் கேடு. ஆகவே மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். அவர் வாயைக் கட்டிப்போட்டது நான் என்பதால், நேற்று ஞாயிறு கோயிலுக்குப் போய், அறிவிப்பு நேரத்தில் நானே எழுந்து, எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பிறகு எல்லாரும் தாளைக் கீழே வைத்துவிட்டு, குருவம்மா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர் தடுமாறினார்கள். நான் தடுமாறவில்லை.

இன்று காலை பார்த்தால் கோயில் வாசலில் புதுப் பலகை. ஹெஸ்கெத் ஏணியில் நின்று ஆணி அடிக்கிறான்.

"என்னடா எழுதியிருக்கு?"

"'படிக்கத் தெரியாதவர்களே, உங்களுக்கும் இங்கே இடமுண்டு'ன்னு அண்ணே. தங்க எழுத்து!"

"அவங்களுக்கு அதை யாருடா படிச்சுச் சொல்றது?"

இன்னும் ஏணியை விட்டு இறங்கவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறான்.